காலிக் கட்டம்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறார் என்று பார்க்காதே. போன் என்றால் உன் அக்கா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்த விஷயம் அப்படியே நிற்கும். இது அலுவலக விஷயம். நிதானமாகப் படி.

நேற்று எங்கள் மருத்துவமனையில் ஒரு தையல்காரருக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. மனிதர் விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றோடு வந்து, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார். மயக்க மருந்து டாக்டர் வந்து, இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறார். இன்று காலை மட்டும் போடவில்லை, போனில் அப்படித்தான் சொன்னார்கள் என்றாராம். அதை ஐந்து நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது. அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அவர் வரிசையில் கடைசி ஆள்.

போனில் சொன்னது நான்தான்.

நான் எதையும் மனப்பாடத்தில் இருந்து சொல்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். கேள்வி வந்ததும் கம்ப்யூட்டரில் தலைமை அலுவலக இணையதளத்தில் இருக்கும் 'அறுவைக்கு முன்' தாளைத் திறப்பேன். உன் அக்கா 'வாயாடி' என்று பெயர் வைத்திருக்கிறாளே, திரையில் இருப்பதைக் குரலில் சொல்கிற அந்த ஸ்கிரீன் ரீடர் படிக்கும். வாயாடி என் காதில் சொல்வதை நான் போனில் சொல்வேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு தடவையும் தளத்திலேயே திறக்க வேண்டும் என்பது விதி. அதன்படிதான் செய்தேன்.

கண்காணிப்பாளர் அம்மா அதே தாளைத் தன் திரையில் திறந்து பார்த்தார். அதில் ஐந்து நாள் என்று பளிச்சென்று இருக்கிறதாம். நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்கிறார். நான் திரும்ப வந்து கேட்டேன். வாயாடி இன்றைக்கும் 'அன்று காலை மட்டும் வேண்டாம்' என்றுதான் சொல்கிறாள். நல்லவேளை, அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாரையும் நர்ஸ் திரும்பக் கூப்பிட்டுப் பேசிவிட்டாள்.

பிப்ரவரியில் அந்தத் தாளைப் பார்வையற்றவர்களும் கேட்கும்படி மாற்றி ஏற்றியது உங்கள் பிரிவு. கொஞ்சம் பார்த்துச் சொல். 24ஆம் தேதி என் மேல் விசாரணை.

அத்தான்


மார்ச் 6

அத்தான்,

கடிதம் கிடைத்தது. உடனே தாளைத் திறந்து பார்த்தேன். ஐந்து நாள் என்றுதான் இருக்கிறது. சோதனை மென்பொருளில் மறுபடி ஓட்டினேன். தலைப்பு, மொழி, அட்டவணை, படங்களுக்கான விளக்கம், எல்லாவற்றுக்கும் பச்சை டிக். ஒரு சிவப்புகூட இல்லை.

உங்கள் பக்கம் ஸ்கிரீன் ரீடர் பழசாக இருக்கலாம். புதுப்பித்துப் பாருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு அது தமிழா வேறு பாஷையா என்றே புரியாது. அந்த வேகத்தில் ஒரு வரி நழுவுவது யாருக்கும் நடக்கும்தானே 🙂🙂🙂

இங்கே தலைக்கு மேல் வேலை. இத்தனை வருடத் தாள்களையும் மாத முடிவுக்குள் பச்சையாக்க வேண்டும் என்று பிரிவுத் தலைவர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பதும் அதே மாத முடிவில்தான். அதனால் விசாரணையில் எங்கள் பிரிவை இழுக்க வேண்டாம் அத்தான். தாளில் கோளாறு இல்லை. பிறகு நமக்குத்தான் சங்கடம்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மச்சான்


மார்ச் 9

மச்சான்,

உன் கடிதத்தை வாயாடி படித்தாள். முடிவில் 'லேசாகப் புன்னகைக்கும் முகம், லேசாகப் புன்னகைக்கும் முகம், லேசாகப் புன்னகைக்கும் முகம்' என்றாள். என் வேலைக்கு வேட்டு வைத்த விஷயத்தில் மூன்று பேர் வரிசையாக நின்று சிரித்தது போல இருந்தது. இனி எனக்கு எழுதும்போது அந்த முகங்களை விட்டுவிடு.

வேகம் பற்றிச் சொன்னாய். கல்லூரி முதல் வருடத்தில் பார்வை போனதில் இருந்து இந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன். உனக்கு அந்த வேலை காலியாக இருக்கிறது என்று சொன்னதும், தாள் என்றால் என்ன, கேட்கும் தாள் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்ததும் இதே காதுக்காரன்தான். சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன், போகட்டும்.

இப்போது உட்கார்ந்து கேள். அந்த அட்டவணையில் மேல் வரிசையில் மாத்திரையின் பெயர், கீழ் வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பது. கட்டம் கட்டமாக அம்புக்குறியை அழுத்தி நகர்ந்தால் வாயாடி சொல்வது இது: இரத்த அழுத்த மாத்திரை, நிறுத்த வேண்டாம். தைராய்டு மாத்திரை, ஐந்து நாள் முன்பே நிறுத்தவும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, அன்று காலை மட்டும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தைராய்டு மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிற டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்தான். ஆனால் கேட்பவர் எந்த மாத்திரையைக் கேட்கிறாரோ அந்தக் கட்டத்துக்கு மட்டும்தான் நான் போவேன். சர்க்கரைக்காரர்களை நேரே நர்ஸிடம் மாற்றிவிடுவது வழக்கம். அதனால் கண்ணில் படவில்லை என்று எழுத வந்தேன், நல்ல வேடிக்கை.

நீ திரையை அணைத்துவிட்டுக் கேள். பார்த்தால் உன் கண் முந்திக்கொள்ளும்.

கண்காணிப்பாளர் அம்மா கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். அன்பாகப் பேசுகிறார். "உங்களுக்கும் சிரமம் வேண்டாம். வாசல்ல வரவேற்பு மேசை இருக்கு, உக்காந்து வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னாப் போதும்" என்றார். அந்த மேசையில் ஏற்கனவே வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். பூஜாடிக்கும் எனக்கும் ஒரே வேலை. பூஜாடிக்காவது தினம் தண்ணீர் மாற்றுவார்கள். அங்கிருந்து இந்தத் தொலைபேசி மேசைக்கு வர நான் எத்தனை படி ஏறி இறங்கினேன் என்பதை உன் அக்கா சொல்வாள். இப்போது அவளே, ஒத்துக்கொள்ளுங்கள், நிம்மதியாக இருக்கலாம் என்கிறாள்.

நீங்களே வந்து காதில் மாட்டிக் கேளுங்கள் என்று அந்த அம்மாவிடம் கெஞ்சாத குறை. வெள்ளிக்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும். எனக்கு வேறு சாட்சி இல்லை.

அத்தான்


மார்ச் 12

அத்தான்,

திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்னபடியேதான் படிக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அச்சில் தைராய்டுக்குக் கீழே காலியாக விட்டிருந்தார்கள், பக்கத்தில் சொன்னதேதான் இதற்கும் என்கிற அர்த்தத்தில். கண்ணால் பார்ப்பவருக்கு அது புரிந்துவிடும். சோதனை மென்பொருள் 'காலிக் கட்டம்' என்று சிவப்புக் காட்டியது. அங்கே 'நிறுத்த வேண்டாம்' என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு மருத்துவப் பிரிவின் ஒப்புதல் வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதனால் திரைக்குப் பின்னால் ஸ்கிரீன் ரீடருக்காக இருக்கும் அடுக்கில் இருந்து அந்தக் காலிக் கட்டத்தை எடுத்துவிட்டேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. திரையில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே மட்டும் மிச்சக் கட்டங்கள் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டன.

இதை நான் காதால் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு தாளைக் கேட்கிற நேரத்தில் பத்துத் தாளைப் பச்சையாக்கலாம்.

இன்று காலை சரிசெய்து புதுத் தாளை ஏற்றிவிட்டேன். இப்போது சரியாகச் சொல்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அத்தான், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஏதோ கவனப் பிசகு என்று விசாரணையில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு நிரந்தர வேலை. அதிகம் போனால் மேசை மாறும். என்னை அப்படியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். மருத்துவத் தாளில் தப்பு செய்தவன் என்று பெயர் வந்தால் இந்தத் தொழிலில் எவன் சேர்ப்பான்?

மச்சான்


மார்ச் 15

மச்சான்,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கேட்டேன். காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கண்காணிப்பாளர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்தேன். வேகத்தைக் குறைத்து வைத்தேன், அவருக்குப் புரிய வேண்டுமே. தாளைத் திறந்து, இப்போது கேளுங்கள் அம்மா என்று பெருமையாக வேறு சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் வைத்து, "அஞ்சு நாள்னுதானே சொல்லுது" என்றார்.

நான் மாட்டிக் கேட்டேன். ஐந்து நாள் முன்பே நிறுத்தவும். தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொன்னாள் வாயாடி. என் முகத்தில் ஈயாடியிருக்காது. இதுவரைக்கும் காது சரியில்லாதவனாக மட்டும் இருந்தேன், அன்றோடு பொய் சொல்கிறவனாகவும் ஆகிவிட்டேன். அந்த அம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தப்பைத் திருத்தியதற்கு உன்னைத் திட்டவும் முடியவில்லை. இன்னொரு ஆள் வெறும் வயிற்றோடு வந்து திரும்பிப் போகக் கூடாது, அதனால் நீ திருத்தியது நியாயம்தான். ஆனால் சத்தமில்லாமல் திருத்தினாயே, அதில்தான் என்னைப் புதைத்துவிட்டாய். வெள்ளிக்கிழமை அவர் கேட்க வருகிறார் என்று உனக்கு எழுதியிருந்தேன். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. பதில் எதுவானாலும் எனக்குத் தூக்கம் வராது.

உன் பெயரை நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. அசதியாக இருக்கிறது, மச்சான்.

அத்தான்


மார்ச் 18

அத்தான்,

நேற்று அக்கா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், அதுகூட இல்லை.

நீங்கள் கேட்கப் போவதில்லை என்று எழுதியதற்கு நானே பதில் சொல்கிறேன். தாளைத் திருத்தும்போது நோயாளிகளைத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஏற்றுவதற்குப் பொத்தானை அழுத்தும்போது வெள்ளிக்கிழமையும் ஞாபகத்தில் இருந்தது. இரண்டும்தான் அத்தான். அவர் வருவதற்குள் ஏற்றிவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அந்த 'யாருக்கும்' என்பதில் நீங்கள் விட்டுப்போனது அப்போது தெரியவில்லை.

பழைய தாள் என்னிடம் இருக்கிறது. புதுசை ஏற்றுவதற்கு முன் எடுத்த பிரதி, தேதியோடு. அதை அழிக்க இரண்டு தடவை கை போனது, அழிக்கவில்லை. இதே மாதிரிக் காலிக் கட்டங்களை எடுத்த வேறு தாள்களும் இருக்கின்றன. எவை என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் செய்துவிடுகிறேன்.

மச்சான்


மார்ச் 20

மச்சான்,

அந்த ஒரு வார்த்தையை என் தலையில் கட்டாதே. நான் சொல்லி நீ செய்தால், நாளைக்குச் சோறு இறங்காத ஒவ்வொரு நாளும் அத்தான்தான் சொன்னார் என்று நினைப்பாய். நினைக்க மாட்டேன் என்பாய், நினைப்பாய். செய்யாதே என்று சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை. அதனால் என்னைக் கேட்காதே.

ஒரு விஷயம் மட்டும் எழுதுகிறேன். நேற்று அந்தத் தையல்காரர் போன் செய்தார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் என் குரல் தெரிந்திருக்க வேண்டும். கோபமே இல்லை. நடுவில் யாரோ தேதியை ரத்து செய்ததால் ஏப்ரலில் ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். மிஷினில் காலை வைத்து உட்கார முடியவில்லை, வாங்கிய துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது என்றார். தப்பாகச் சொன்னது நான்தான் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அதெல்லாம் பரவால்ல சார். இந்தத் தடவை நான் யாரைக் கேக்கணும்?" என்றார்.

என்னைக் கேளுங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நர்ஸிடம் மாற்றிவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு கேள்வியைப் பயந்து மாற்றியது அதுதான்.

வரவேற்பு மேசைக்குச் சம்மதம் என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இடமாற்றத் தாள் தயாராகிறது. செவ்வாய்க்கிழமை விசாரணை முடிந்ததும் கையெழுத்து. உன் அக்கா எனக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள், வாசலில் உட்காருகிறவன் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

அத்தான்


மார்ச் 23

அத்தான்,

அனுப்பிவிட்டேன்.

பழைய தாளையும் புதுத் தாளையும் உங்கள் கண்காணிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறேன். எந்தத் தேதி வரை எது தளத்தில் இருந்தது, கட்டத்தை எடுத்தது யார், ஏன் எடுத்தேன், எப்போது சொல்லாமல் திருத்தினேன் என்று எல்லாம் எழுதினேன். திரையை அணைத்துவிட்டுக் கேட்கும்படி கேட்டுக்கொண்டேன். நீங்கள் என் அக்கா வீட்டுக்காரர் என்பதையும் எழுதினேன், பிறகு தெரிந்தால் அதை வேறு மாதிரிப் பேசுவார்கள்.

அனுப்பிய பிறகு பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பழைய தாளைத் திறந்து பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்றார். திரையை அணைத்து ஒலியைக் கூட்டினேன். மூன்றாவது மாத்திரை வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி எத்தனை தாள் என்றார். தெரிந்தவற்றைச் சொன்னேன், தெரியாதவையும் இருக்கின்றன என்றேன். "உன்னை யாரு அங்க எழுதச் சொன்னது? என்கிட்ட முதல்ல வந்திருக்கலாம்ல" என்றார். வந்திருந்தால் பூசி மெழுகியிருப்பார். அது அவருக்கும் தெரியும்.

மாத முடிவோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கவில்லை என்று மாலையில் தாள் வந்துவிட்டது. அந்தத் தாளையும் பழக்கதோஷத்தில் சோதனை மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். முழுக்கச் சிவப்பு.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 8

அன்புள்ள மச்சானுக்கு,

விசாரணை முடிந்து இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. உன் வேலையைத் தின்று என் வேலை பிழைத்தது போல இருந்தது. அந்த எண்ணம் இன்னும் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

விசாரணைக்கு முன்பே கண்காணிப்பாளர் அம்மா தனியாக வந்தார். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே திரையை அணைத்தார். நீ அனுப்பிய பழைய தாளைக் கேட்டார். திரும்பவும் முதலில் இருந்து கேட்டார். "வேலை போகும்னு தெரிஞ்சே அனுப்பியிருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேசையில் இருந்த இடமாற்றத் தாளை எடுத்துக்கொண்டு போனார், அது திரும்பி வரவில்லை. தொலைபேசி என்னிடமே இருக்கிறது. கொஞ்ச காலம் மாத்திரைக் கேள்விகளை நர்ஸும் கூட இருந்து கேட்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. குத்துகிறதுதான். இருக்கட்டும்.

உன் பிரிவில் மற்றத் தாள்களை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தேன். பச்சை டிக் போதும் என்ற கட்டளை அப்படியேதான் இருக்கிறதாம். அதற்கு ஒரு புகார் எழுத வேண்டும். நீ எழுது, நான் கேட்டுத் திருத்துகிறேன். சும்மா இருந்தால் உனக்கும் பைத்தியம் பிடிக்கும்.

விஷயம் சொன்ன அன்றைக்கு உன் அக்கா அழவில்லை. வீட்டில் இருந்த அலமாரிகளை எல்லாம் இறக்கித் துடைத்தாள். பிறகு பின் அறையில் இருந்த என் பழைய சாமான்களைக் காலி செய்து கட்டில் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காமல் வந்து சேர். வேலை தேடுவதை இங்கிருந்தும் தேடலாம்.

தையல்காரர் போன வாரம் மறுபடி கூப்பிட்டார். நர்ஸிடம் மாற்றட்டுமா என்றேன். "வேணாம் சார், நீங்களே சொல்லுங்க" என்றார். தாளைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாக, எல்லா மாத்திரைகளையும் சேர்த்தே வாசிக்கவிட்டு, பிறகு நர்ஸும் கூட இருந்து கேட்க நானே சொன்னேன். நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது. கண் விழித்ததும் மிஷினில் எப்போது உட்காரலாம் என்று கேட்டு டாக்டரை அரித்துவிட்டாராம்.

உன் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாயாடி 'பயமாக இருக்கிறது அத்தான்' என்பதையும் மாத்திரைப் பெயர் சொல்கிற அதே குரலில்தான் சொல்கிறாள். உன் குரல் அதில் இல்லை. முகங்களைப் போடாதே என்று நான் சொன்னதை நீ அப்படியே பிடித்துக்கொண்டாய். பதில் எழுதும்போது ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பு. சிரிக்கிறதோ அழுகிறதோ, உன் முகம் இப்போது எப்படி இருக்கிறதோ அதையே போடு. அவள் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான்